நோட்டில் இருந்த மூன்றரை இன்ச்

மகளின் தலையணைக்கடியில் கையை விட்டுத் துழாவிய டெய்லரம்மாவுக்கு ஒரு குட்டி நோட்டு அகப்பட்டது. பிரித்துப் படித்தாள்.

'ஜூன்: ஒரு இன்ச் குறைவு. ஜூலை: இன்னும் ஒன்று. ஆகஸ்ட்: ஒன்றரை. மொத்தம் மூன்றரை!' கடைசி வரியின் கீழே இரண்டு சிவப்புக் கோடுகள் வேறு.

போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் பள்ளிக்கூட நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். "வளர்ற பொண்ணுங்க ஒல்லியாகணும்னு பட்டினி கிடக்கும். அளவெடுத்து எழுதி ஒளிச்சு வைக்கும். கண்கொத்திப் பாம்பா கவனிங்க."

கவனிக்காமலா இருந்தாள்? ஒரு மாதமாக மகள் போடும் டீயில் சர்க்கரையே கிடையாது. கேட்டால், "பழகிடும்மா" என்று ஒரே பதில். பிஸ்கட் டப்பாவும் போன இடம் தெரியவில்லை.

வளர்கிற பெண்ணாயிற்றே என்று தாராளமாக விட்டுத் தைத்த யூனிஃபார்ம். கள்ளி, அதற்குள் ஒளிந்துகொண்டுதான் இளைத்திருக்கிறாள்! ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவள் பெற்ற பெண்ணைக் கோட்டை விட்டுவிட்டாளே என்று அவளுக்கு அழுகையே வந்தது.

நாக்கு வறண்டது. ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். போதவில்லை, இன்னொன்றையும் காலி செய்தாள்.

எழுந்தபோது, கொக்கி வைத்துத் தைத்த பாவாடை இடுப்பிலிருந்து நழுவியது. பாழாய்ப்போன துணி, துவைக்கத் துவைக்க இளகிக்கொண்டே போகிறது. போன வாரம்தான் மகளிடம் கொடுத்துப் பிடித்துத் தைக்கச் சொன்னாள். தையல்காரிக்குத் தன் துணியைத் தைக்க நேரம் ஏது?

கதவு திறந்தது. பள்ளிக்கூடப் பையோடு மகள்.

"கையைத் தூக்கு."

"எதுக்கும்மா?"

"தூக்குடின்னா!"

கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி மகளின் இடுப்பைச் சுற்றினாள். இருபத்தெட்டு. நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை சுற்றினாள். அதே இருபத்தெட்டு.

மெஷின்மேல் கிடந்த அளவு நோட்டைப் புரட்டினாள். பள்ளி திறந்தபோது யூனிஃபார்முக்கு எடுத்த அளவு, இருபத்தேழு.

"ஒரு இன்ச் கூடித்தானே இருக்கு!"

"வளர்ற பொண்ணு கூடாம என்ன செய்வா?"

டெய்லரம்மா குட்டி நோட்டை மகளின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "பொய் சொன்னே, தோலை உரிச்சிடுவேன். அப்ப இந்த மூணரை இன்ச் யாரோடதுடி?"

மகள் நோட்டைப் பார்த்தாள். காலியாகக் கிடந்த இரண்டு பாட்டில்களைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"மாசா மாசம் உன் பாவாடையில நான் பிடிச்சதும்மா. கிளம்பு, டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கிட்டேன்."