தூணுக்குப் பின்னால் துப்பு

நீலச் சட்டைக்காரன் மறுபடியும் நின்றான். துப்புவும் சட்டென்று பஸ் நிலையத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, நெற்றியை அதில் இடித்துக்கொண்டான்.

கொளுத்துகிற வெயிலில் முழங்கால் வரைக்கும் கோட்டு, புருவம் வரைக்கும் தொப்பி, தூக்கிவிட்ட காலர். துப்பறிவாளன் என்றால் இந்தக் கோலம்தானே! வாயில் சிகரெட் மட்டும் பற்றவைக்காமல் இருந்தது. பற்றவைத்தால் இருமல் வந்துவிடும்.

துப்பறியும் நிறுவனத்தின் முதலாளி காலையில் சொன்னது இவ்வளவுதான். "அதோ போறான் பாருங்க நீலச் சட்டை, அவன் என்ன பண்றான்னு சாயங்காலம் வந்து சொல்லுங்க. ஆளு தேறினா வேலை."

வேலை கிடைக்காவிட்டால் நாளையிலிருந்து மச்சான் கடையில் பெயின்ட் கலக்க வேண்டும். மச்சான் வாயில் விழுவதைவிட மாடியிலிருந்து விழலாம் என்றிருந்தது அவனுக்கு.

துப்பு என்பது மனைவி வைத்த பட்டப்பெயர். அந்தக் காலத்து முரட்டுத் துப்பறிவாளர் கதைகள் என்றால் அவனுக்கு உயிர். அடி வாங்கினாலும், போலீஸே மிரட்டினாலும், உண்மையை விடாத ஆட்களாயிற்றே! முந்நூறு புத்தகம் வாங்கி அடுக்கியிருந்தான். சாப்பிட்டதும் ஒன்றை எடுத்துக்கொண்டு சாய்ந்தால் பத்தாவது நிமிஷம் குறட்டை. நெஞ்சில் கிடக்கும் புத்தகத்தை மனைவிதான் வந்து எடுத்துக்கொள்வாள்.

நீலச் சட்டை பலே கில்லாடியாக இருந்தான். ஒரே செய்தித்தாளை மூன்று மணி நேரம் பக்கம் திருப்பாமல் படித்தான். துப்பு டீ குடிக்கப் போனால், கூசாமல் பின்னாலேயே வந்து அவனும் டீ குடித்தான். என்ன நெஞ்சழுத்தம்!

எதிர் பெஞ்சில் குடைக்குள் முகம் தெரியாமல் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். துப்பு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குறி தவறக் கூடாதல்லவா?

சாயங்காலம் முதலாளி முன்னால் நின்றான். "சார், அவன் நடமாட்டமே சரியில்ல. நாள் பூரா பதுங்கிப் பதுங்கி நிக்கிறான். பெரிய கும்பலோட ஆளு சார்!"

முதலாளி ஒரு காகிதத்தை நீட்டினார். 'தொப்பிக்காரன் நாள் பூரா தூணுக்குப் பின்னால் பதுங்கியிருந்தான். பெரிய கும்பலின் ஆள்' என்று எழுதியிருந்தது.

பக்கத்து நாற்காலியில் நீலச் சட்டைக்காரன் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அவரும் வேலைக்கு வந்தவர்தான். உங்களை அவர் பின்னாடியும், அவரை உங்க பின்னாடியும் அனுப்பினேன்" என்றார் முதலாளி.

துப்பு தொப்பியைக் கழற்றினான். கண்ணுக்குள் மச்சான் பெயின்ட் டப்பாவோடு சிரித்தான். "அப்போ வேலை யாருக்கு சார்?"

"உங்க ரெண்டு பேரையும் கவனிக்க மூணாவதா ஒருத்தங்களை அனுப்பியிருந்தேன். நீங்க தூண்ல எத்தனை தடவை இடிச்சுக்கிட்டீங்கன்னுகூடக் குறிச்சிருக்காங்க. ஏழு. வேலை அவங்களுக்குத்தான்."

உள்ளறைக் கதவு திறந்தது. மடக்கிய குடையோடு வந்து நின்றாள் அவன் மனைவி.

"நீயா! உனக்கு எப்படிடீ இந்த வித்தையெல்லாம்? அத்தனை புத்தகத்தையும் வாங்கினது நானாச்சே!"

அவள் அவனுடைய காலரை மெல்ல மடக்கிவிட்டாள்.

"நீங்க அட்டையைப் பாத்தீங்க. நான் உள்ள படிச்சேன்."