முப்பதாவது வரி

துண்டுக்குள் கை போய்விட்டது.

உள்ளே வெக்கை. அப்பாவின் கை, வருடக்கணக்காகத் தாம்புக்கயிறு பிடித்துக் காய்த்த கை, அவள் கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

வெளியே மாட்டுச் சந்தையே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. எருமைகள் மட்டும்தான் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இன்றைக்கு வரை இந்தச் சந்தையில் துண்டுக்குள் ஒரு பெண்ணின் கை போனதே இல்லை.

அதை நம்பித்தான் அவள் அந்த வரியை எழுதியிருந்தாள்.

முப்பதாவது வரி.

பட்டியலில் மற்ற இருபத்தொன்பதையும் அடித்தாயிற்று. பவானியை இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்திக் கடந்தது. ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து, யாரும் வருகிறார்களா என்று சர்வர் இரண்டு தரம் கேட்டும் அசையாமல் பிரியாணி சாப்பிட்டது. புல்லட் ஓட்டியது. முடியைக் காது வரைக்கும் வெட்டிக்கொண்டது. அதற்கு அம்மா மூன்று நாள் பேசவில்லை. அம்மா பேசாதது பட்டியலில் இல்லை, கொசுறு.

இருபத்து நாலு வயதில் எழுதிய பட்டியல். அன்றைக்கே அப்பாவோடு பேசி முடித்த ஒப்பந்தம். இது முடிகிற வரை கல்யாணப் பேச்சு இல்லை. முடிந்த மறுநாள், வீட்டில் காட்டுகிற மாப்பிள்ளைக்கு அவள் சரி சொல்வாள். புதிதாக ஒரு வரிகூடச் சேர்க்கக் கூடாது.

அப்பா மாட்டுத் தரகர். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கடைசி வரியில் கொஞ்சம் நின்றார்.

'சந்தையில் துண்டுக்குள் கை விட்டு ஒரு மாடு விற்க வேண்டும்.'

"சரி" என்றார்.

ஆகாத காரியம் என்று சந்தையில் டீ விற்கிறவருக்கே தெரியும். தரகருக்குத் தெரியாமலா?

ஆக்கிவிட்டவர் மாமா. அம்மாவின் தம்பி. டவுனில் டைல்ஸ் கடை. கையில் ஒரு வரன் வைத்திருந்தார், கோழிப்பண்ணை வைத்திருக்கும் பையன். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். சந்தைக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசினார். "அப்பன் கைதானுங்க, யாருக்கென்ன சங்கடம்?" வீட்டு எருமையை வேனில் ஏற்றி வந்ததும், வாங்குகிறவராக அப்பாவையே நிறுத்தியதும் அவரே.

துண்டுக்குள் சட்டம் எளிது. வாங்குகிறவர் விற்கிறவரின் விரலைப் பிடிப்பார். ஒரு விரல் பத்தாயிரம். உள்ளே பிடித்தது எத்தனை என்று வெளியே யாரும் சொல்வதில்லை.

இந்த எருமை ஐந்து விரல் பெறும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

ஐந்தையும் சேர்த்து அப்பா பிடித்துவிட்டால் அவள் மறுக்க முடியாது. வெளியே தெரியாதுதான். ஆனால் நியாயமாகக் கேட்ட விலையை மறுத்தால் அவள் சொன்ன சொல் செத்தது. அவளும் தரகர் மகள்.

அப்பா பிடித்தார்.

ஒரு விரல்.

அதுவும் சுண்டுவிரல்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் எருமையின் கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், விலை அதில்தான் எழுதியிருக்கிறது என்பதுபோல.

அவள் தலையசைத்தாள். மாட்டேன்.

மறுபடியும் பிடித்தார். அதே சுண்டுவிரல்.

மாட்டேன்.

மூன்றாம் முறையும் அதே விரல். சிரிப்பு வராமலிருக்க அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"படியலீங்க" என்றார் அப்பா, கடைசி வரிசை மாட்டுக்கும் கேட்கும்படி. "சரியான அழும்புக்காரி. அடுத்த வாரம் பாக்கலாம்."

துண்டை உருவப் போனார்.

"அட, இருங்க மச்சான்." மாமா குறுக்கே பாய்ந்தார். "நான் வாங்கிக்கறேன். கடை வாசல்ல கட்டிக்கறேன், உங்களுக்கென்ன?"

கூட்டம் சிரித்தது. "டைல்ஸ் மேல எருமை வழுக்குமுங்க" என்றது ஒரு குரல்.

மாமா சிரிக்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு அப்பா நின்ற இடத்தில் வந்து நின்றார். துண்டுக்குள் அப்பாவின் கை போய் மாமாவின் கை வந்தது.

ஐந்து விரலுக்கும் சேர்த்துத்தான் வருகிறார். முகத்திலேயே தெரிந்தது.

அப்பா முதல் தடவையாக அவளைப் பார்த்தார். அவரிடம் இனிச் சரக்கில்லை.

அவள் கையை எடுத்திருக்கலாம். எடுத்தால் ஓடினாள் என்பார்கள்.

இன்னும் ஓர் அடி முன்னால் வந்து நின்றாள். கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டாள்.

மாமாவின் கை தேடியது. தடவியது. புரட்டியது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பேரம் இத்தனை நேரம் நடந்து சந்தை பார்த்ததில்லை.

"விரலக் குடு அம்மிணி" என்றார் மாமா, பல்லுக்கிடையில்.

"எங்கிட்ட விலை கேக்க வந்தது நீங்க. நீங்கதான் புடிக்கணும், மாமா."

மாமாவின் மீசையில் வேர்வை இறங்கியது. இரண்டு கையையும் உள்ளே விடலாமா என்று அவர் யோசிப்பது தெரிந்தது.

"உள்ள என்னதானுங்க நடக்குது?" என்று யாரோ அப்பாவைக் கேட்டார்கள்.

"துண்டுக்குள்ள நடக்கறத வெளிய கேக்கப்படாதுங்க" என்றார் அப்பா. டீக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். ஒன்று தனக்கு, ஒன்று மகளுக்கு.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் டீயை இடது கையில் வாங்கிக்கொண்டாள்.

வலது கை துண்டுக்குள்ளேயே இருந்தது. ஒரு விரலும் பிடி கொடுக்காமல், இறுக மூடி.