இரண்டு நிமிட வேலை

"ரெண்டு நிமிஷ வேலைம்மா. அதைப் போய் ரெண்டு நாளா நோண்டிட்டு இருக்கியே!"

கணவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

மனைவி கால்நடை டாக்டர். கிளினிக்கின் பழைய கம்ப்யூட்டர் மூச்சை விடுவதற்குள், அதிலிருந்த நாய், பூனை, முயல் விவரங்களை எல்லாம் எக்ஸெல்லுக்குக் கொண்டுவந்தவர் கணவர்தான். ரிட்டயர் ஆனபின் கிடைத்த உருப்படியான வேலை. இனி தடுப்பூசி நாள் வந்தால், வளர்ப்பவர்களின் போனுக்கு மெசேஜ் போய்விடும்.

அம்மாள் 'அனுப்பு' பொத்தானை அழுத்த விட்டால்தானே! ஒவ்வொரு வரியாகப் படிப்பதும், தானே சிரிப்பதும், அழிப்பதும், அழித்ததைத் திரும்பக் கொண்டுவருவதுமாக உட்கார்ந்திருந்தாள்.

"தேதியும் மாசமும் இடம் மாறலை. போன் நம்பர்ல ஒரு சைபர்கூட உதிரலை. என்மேல நம்பிக்கை இல்லைன்னா நேராச் சொல்லிடு."

"நீங்க கொண்டுவந்ததுல ஒரு குறையும் இல்லைங்க."

"அப்புறம் ஏன் அழிக்கறே?"

"கலெக்டர்னு ஒரு பூனை வருமே, ஞாபகம் இருக்கா? என் நாற்காலியில ஏறி உட்கார்ந்துக்கும். நான் நின்னுட்டேதான் வைத்தியம் பார்ப்பேன். அது இப்ப இல்லை. பஞ்சுன்னு ஒரு முயல். அதுவும் போயிடுச்சு. செத்துப்போச்சுன்னு குறிக்க அந்தப் பழைய ப்ரோகிராம்ல இடமே கிடையாது. எல்லாம் என் மனசுலதான் இருக்கு."

"சரி, அதுக்கு?"

"பஞ்சுவை வளர்த்த பொண்ணு எப்படி அழுதா தெரியுமா? அவ போன்ல 'உங்க பஞ்சுவுக்கு ஊசி போடணும், கூட்டிட்டு வாங்க'ன்னு வந்தா எப்படிங்க இருக்கும்?"

கணவர் திரும்பி அவளைப் பார்த்தார். இவளா இப்படிப் பேசுகிறாள்?

மிளகு அவர்கள் வீட்டு நாய். அவர் செருப்பின் மேல் தலை வைத்தே தூங்கிப் பழகிய கறுப்பு நாய். அது செத்த அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கிளினிக்குக்குக் கிளம்பிப் போனவள் இவள். அந்த வருத்தம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

சாயங்காலம் ஒருவழியாக அவளே பொத்தானை அழுத்தினாள்.

அவர் சட்டைப்பையில் போன் சிணுங்கியது.

'உங்கள் மிளகுவுக்குத் தடுப்பூசி நாள் நெருங்கிவிட்டது. அழைத்து வாருங்கள்.'

"என்னம்மா, ஒண்ணை விட்டுட்டியே..." அவர் போனை அவளிடம் நீட்டினார்.

"விடலைங்க." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மத்ததெல்லாம் நேத்தே முடிஞ்சுது. இந்த ஒரு வரியை அழிக்கத்தான் ரெண்டு நாளா கை வரலை."