இறங்கினது, ஏறினது
ஜன்னல் வழி விழும் காலை வெயிலில், வினோலியாவின் டீசல் கறை படிந்த நோட்டு விரிந்து கிடக்கிறது. ஆண்டர்சன்பேட்டை ஆலையில் பாய்லர் ஓட்டுகிறவள் அவள். எரிபொருளுக்கும் புகைக்கும் கணக்குப் பார்க்க பெங்களூரிலிருந்து வந்த ராதிகாவின் விரல், இரண்டு தலைப்புகளில் நிற்கிறது: இறங்கினது, ஏறினது. “இது என்னங்க?” என்கிறாள் ராதிகா. “டேங்க்ல இறங்கின டீசலு, சிம்னில ஏறின புகை, மேடம். இங்க தங்க மைன் ஓடினப்ப, கேஜ் லிஃப்ட்ல சுரங்கத்துக்குள்ள இறங்கினவங்க அத்தினி பேரும் மேல ஏறினாத்தான் எங்கூர்ல ஷிப்ட் முடியும்.” ராதிகா பக்கம் புரட்டுகிறாள். “ஜெனரேட்டர் பத்து நிமிஷம் ஓடினதைக்கூட எழுதியிருக்கீங்க. அரை லிட்டர்தானே, விட்டிருக்கலாமே.” கை துடைத்த துணியை மடித்து வைத்துவிட்டு வினோலியா நிமிர்கிறாள். “அதுவும் இறங்கினதுதானே மேடம். கீழயே விட்டுட்டு வர்றதா?”