அரை வயிற்று உபதேசம்

"மறுபடியும் கேக்கா? உங்களுக்கு வாயைக் கட்டவே தெரியாதாம்மா?"

அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் கேட்டார். கணக்கு எழுதும் அம்மாள், வாயிலிருந்த கேக்கை நிதானமாக மென்று விழுங்கினார். ஆள் கொஞ்சம் தாட்டியம்.

பிழை திருத்துகிறவரோ சில மாதங்களிலேயே பாதியாக இளைத்தவர். சட்டை கொடியில் காயப்போட்டது மாதிரி தொங்கும். அதில் அவருக்கு அலாதிப் பெருமை.

"என்னைப் பாருங்க. அரை வயித்தோட கையைக் கழுவிடுவேன். எல்லாம் மனக்கட்டுப்பாடு!"

"எனக்கு அது வரமாட்டேங்குதே, சார். இளைக்கணும்னு நாளைக்கு ஒரு டாக்டரைப் பார்க்கப் போறேன். கூட வந்து உங்க வழியை அவருக்கு விளக்கிச் சொல்றீங்களா?"

அவருக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டருக்கே பாடம்!

மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார். டாக்டர் குறுக்கிட்டார்.

"அதென்ன, அரை வயித்தோட நிறுத்திடறீங்க?"

"அதுக்கு மேல போனா கொஞ்ச நேரத்துல வயிறு பிசைஞ்சு எடுக்கும், டாக்டர். உடம்பே 'போதும்'னு சொல்லிடுது பாருங்க!"

"சாப்பாட்டைப் பார்த்தாலே பயமா இருக்கா?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டைக் கண்டு நடுங்கியதைத்தான் இத்தனை நாளும் மனக்கட்டுப்பாடு என்று அளந்துகொண்டிருந்தார்.

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கிக் கிடந்தது. சாப்பிட்டதும் குடலுக்கு வேண்டிய ரத்தம் போய்ச் சேராததால்தான் அந்த வலி.

"ரொம்ப அபூர்வமான நோய். தள்ளிப்போட்டிருந்தா உயிருக்கே ஆபத்தாயிருக்கும்."

'அபூர்வம்' என்றதும், அந்த நிலையிலும் தன் நெஞ்சு லேசாக நிமிர்ந்ததை நினைத்துப் பிற்பாடு அவரே தலையில் அடித்துக்கொண்டார்.

குழாயை விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். பசி திரும்பியது. முழுத்தட்டையும் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கணக்கு அம்மாள் பார்க்க வந்தார்.

"ஊரார் எழுத்துல ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடிச்சிடுவேன். என் வயித்துல இருந்தது கண்ணுல படலை பாருங்க," என்று சிரித்தார் அவர். "என்னால உங்க காரியம் கெட்டுப்போச்சு. ஆமா, உங்க எடைக்கு டாக்டர் என்னதான் சொன்னார்?"

"என் எடைக்கு என்ன, சார்? நான் நல்லாத்தான் இருக்கேன். தினமும் சாப்பிட்டதும் காகிதக் கட்டுக்குப் பின்னாடி போய், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நீங்கதான். 'டாக்டர்கிட்ட காட்டுங்க'ன்னா வந்திருப்பீங்களா? அதான், பாடம் எடுக்கக் கூப்பிட்டேன்!"