நீல முடிச்சுகள்

பத்து வருடக் கம்பெனி வேலையை உதறிவிட்டு ஓவியரான பிரிஜாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. கிழிந்த மீன்வலையைச் சாயத்தோடு ஒட்டிய அந்த அரூப ஓவியம் கண்காட்சிக்குத் தேறாவிட்டால், பழைய வேலைக்கே திரும்புவதாகச் சொல்லியிருந்தாள். அப்பா ததேயுஸ்தான் படத்தைப் பொதிந்து நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

கண்காட்சிக் குழுவிலிருந்து போன் வந்தது.

“உங்க படம் தேர்வாயிடுச்சு! கிழிசலுக்கு நடுவுல அந்த நீல முடிச்சுகள்தான் உயிர்!”

துள்ளிக் குதித்தவள் சட்டென்று நின்றாள். அவள் நீல முடிச்சே போடவில்லை.

வாசலுக்கு ஓடினாள். ததேயுஸ் தன் மீன்பிடி வலையின் கிழிசலை முடிச்சிட்டுப் பொத்திக்கொண்டிருந்தார், நீல நூலால்.

“எப்பா, படத்துல என்ன செஞ்சிய?”

“வலக்காரன் வீட்டுலேருந்து ஓட்ட வலையா அனுப்புவாவ? ஊரு சிரிக்காதா மக்கா? பொத்தி விட்டேன்.”

பிரிஜா அடுத்த ஓவியத்தைத் தூக்கிவந்து அவர் மடியில் வைத்தாள்.

“இதுலயும் ஓட்ட கெடக்குப்பா!”