மிச்சமில்லாத டப்பா

"இந்தத் தடவையும் ஒண்ணுகூட மிச்சமில்லையா?"

நர்ஸ் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து மேஜையில் தட்டினாள். எதுவும் விழவில்லை.

"வேளா வேளைக்குச் சாப்பிட்டுடறேன் சிஸ்டர்," என்றாள் எதிரே இருந்த ஏழு மாதக் கர்ப்பிணி. கைப்பிடி வைத்த நாற்காலி அவளுக்குப் பற்றாது என்று, அவள் வருவதற்கு முன்பே நர்ஸ் பெஞ்சை இழுத்துப் போட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி மாடியில் இருந்த அந்த அறையில் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. உடல் பருமனான கர்ப்பிணிகளுக்கு இலைச்சாற்றில் செய்த மாத்திரை கொடுத்தார்கள். பிறக்கும் குழந்தைக்கு அதிக எடையும் சர்க்கரைக் கோளாறும் வராமல் அது தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதத்துக்கு அறுபது மாத்திரை. மிஞ்சியதை எண்ணி எழுதுவது நர்ஸின் வேலை.

"ஒரு நாள்கூட மறக்கலையா?"

"இல்லை."

"வாந்தி எடுத்த அன்னிக்கு?"

"அன்னிக்கும்தான்."

நர்ஸ் பேனாவை மூடி வைத்தாள். "மத்தவங்க எல்லாரும் நாலு, அஞ்சு மிச்சம் கொண்டு வர்றாங்க. ஒருத்தி ஊருக்குப் போறப்ப டப்பாவையே மறந்துட்டுப் போயிட்டா. நீ மட்டும் நாலு மாசமா சுத்தமா காலி பண்ணிட்டு வர்றே. மனுஷங்க அப்படி இருக்க மாட்டாங்கம்மா."

"என்னைச் சந்தேகப்படறீங்களா?"

"கேக்கறேன். அவ்வளவுதான்."

அவள் கைப்பையின் வாரை முறுக்கினாள், பிரித்தாள், மறுபடி முறுக்கினாள்.

"பாத்திரம் கழுவுற தொட்டியில கொட்டிடுவேன்," என்றாள் மெல்ல. "முதல் வாரம் மட்டும்தான் சாப்பிட்டேன்."

"அப்ப உங்க வீட்டுக் குழாய் நல்லா இளைச்சிருக்குமே!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

"மூத்தவன் நாலரைக் கிலோ சிஸ்டர். பிறந்த உடனே சர்க்கரை இறங்கிப்போயி மூணு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்தான். 'எல்லாம் உன் உடம்பாலதான்'னு மாமியார் வாய் ஓயல. இதுக்கும் அப்படி ஆகக்கூடாதுன்னுதான் இங்க சேர்ந்தேன். அப்புறம் நாத்தனார் கேட்டா, 'இலைன்னா எல்லாமே நல்லதா? அரளியும் இலைதானே?'ன்னு. அதோட சரி, தொண்டையில இறங்கல."

"அதை அன்னிக்கே எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே."

"கேட்டா வெளியே அனுப்பிடுவீங்க. ஸ்கேன், டாக்டர் எல்லாம் நின்னுபோயிடும். வயித்துல இருக்கறதுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் எங்க ஓடுவேன்?"

"யாரும் அனுப்ப மாட்டாங்க. மாத்திரையை நிறுத்தினாலும் பிரசவம் வரைக்கும் நாங்கதான் பார்ப்போம். சேர்றப்ப நீ கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்கு."

"அத்தனை பக்கத்தை யாரு சிஸ்டர் படிச்சா!"

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் தயங்கிக் கேட்டாள்: "நான் சொல்லாமலே இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"உன் குழந்தை நல்லபடியா பிறந்தா மாத்திரைக்கு நல்ல பேர். இல்லேன்னா அதுக்குக் கெட்ட பேர். ரெண்டுமே பொய். அந்தப் பொய்யை நம்பி, இன்னும் எத்தனையோ பேர் வயித்துக்குள்ள அந்த மாத்திரை போகும், இல்லே போகாம நிக்கும்."

"என் ஒருத்தியாலயா? முதல் ஆய்வுலயே குழந்தைங்க எல்லாம் நல்லா பிறந்துச்சுன்னு டாக்டர் சொன்னாரே. அதை நம்பித்தானே இத்தனை பேர் சேர்ந்தோம்?"

நர்ஸ் மூடி வைத்திருந்த பேனாவைத் திறந்தாள். 'முதல் வாரத்துக்குப் பிறகு சாப்பிடவில்லை' என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினாள்.

"இதை வாய் விட்டுச் சொல்ல ரொம்பத் தைரியம் வேணும்மா," என்றாள்.

கர்ப்பிணி படியிறங்கிப் போகும் சத்தம் ஓய்ந்ததும், நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள்.

'மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு, பதினோரு வருடங்களுக்கு முன் எட்டே எட்டுத் தாய்மார்களை வைத்து நீங்கள் நடத்திய முதல் ஆய்வில், என் மகன் வயிற்றில் இருந்தபோது எனக்குக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்றைக்கூட நான் விழுங்கவில்லை' என்று எழுதினாள்.